ஒப்புவித்தலும் பணிதலும்: கேரள எல்லைப்புறக் கிறித்தவத் தமிழில் இறைவனுக்குத் தன்னைக் கொடுக்கும் வினைகள்

மனிதன் தன்னை முழுமையாக இறைவனிடம் கொடுத்துவிடுதல் என்பது கிறித்தவ ஆன்மிகத்தின் நடுவண் நிற்கும் கருத்து. ஆங்கிலப் பக்தி நூல்கள் இதற்குச் ‘சரண்டர்’ என்னும் ஒரு சொல்லையே பெரிதும் ஆளுகின்றன. தமிழில் இதற்கு ஒரு பெயர் இல்லை; பல வினைகள் உண்டு. ஒப்புவித்தல், ஒப்புக்கொடுத்தல், ஒப்படைத்தல், கையளித்தல், படைத்தல், சரணடைதல், பணிதல், கீழ்ப்படிதல், அர்ப்பணித்தல், சமர்ப்பித்தல் என அவை நீளும். மொழிபெயர்ப்பாளர் பலர் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு, ஓசைக்கும் நடைக்கும் ஏற்ப மாற்றி மாற்றி ஆளுகின்றனர். இவ்வழக்கம் தீங்கற்றதன்று. இவ்வினைகளுள் சில கொடுப்பவன் தாழ்வதைச் சொல்கின்றன. வேறு சில கொள்பவர் ஏற்பதைச் சொல்கின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பதையும், இவற்றைக் கலப்பதால் வழிபடுவோர் இழப்பது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப்பகுதிகளில் வழங்கும் கிறித்தவத் தமிழ் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

களம்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் உரிமை கோரிய சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய ஊர்கள் கோவை, பொள்ளாச்சிச் சமவெளியின் தொடர்ச்சி போன்றவை. அங்குள்ள இலத்தீன் முறைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தனர். 2013 டிசம்பர் 28ஆம் நாள் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது அதன் கீழ் வந்தனர். இடுக்கியின் வரலாறு வேறு. அங்குத் தமிழ்க் கிறித்தவம் தேயிலையோடு மலையேறிற்று. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணியிடம் முன்பணம் பெற்று வந்தவர்களுள் சீர்திருத்தத் திருச்சபையாரும் கத்தோலிக்கரும் இருந்தனர். 1910-11இல் எழுந்த மூணாறு கிறைஸ்ட் சர்ச்சில் இன்றும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வழிபாடு நடைபெறுகிறது.

மொழியியலார்க்கு இவ்விடத்தின் பயன் வெளிப்படை. இங்கு வழிபடுபவர் ஒருவர் ஒரே வசனத்தை இரு மொழிகளில் கேட்கும் வாய்ப்புடையவர். சீர்திருத்தத் திருச்சபையார்க்குத் தமிழில் ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதலும் (இன்று ‘பழைய திருப்புதல்’ எனப்படுவது), மலையாளத்தில் 1910ஆம் ஆண்டுச் சத்தியவேதபுஸ்தகமும் உள்ளன. கத்தோலிக்கர்க்குத் தமிழில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும், மலையாளத்தில் 1981ஆம் ஆண்டுப் பி.ஓ.சி. பதிப்பும் உள்ளன. ஒரு மொழிக்குள் மட்டும் நிற்பவர்க்குப் புலப்படாத சொற்பொருள் வேறுபாடு, இரு மொழிகளை அருகருகே கேட்பவர்க்கு எளிதிற் புலப்படும்.

ஏற்கச் செய்யும் வினை

‘ஒப்பு’ என்னும் தன்வினைக்கு உடன்படுதல், பொருந்துதல், ஏற்றல் என்பன பொருள். ‘ஒப்புவி’ அதன் பிறவினை. ஆகவே ஒருவரிடம் ஒன்றை ஒப்புவித்தல் என்பது, சொல்லமைப்பின்படி, அவரை அதற்கு உடன்படச் செய்தல், அவர் அதனை ஏற்கும்படி செய்தல். கொடுப்பவனின் நிலை தாழ்வா உயர்வா என்பது பற்றி இவ்வினை ஏதும் கூறுவதில்லை. கொள்பவரின் இசைவை மட்டும் உள்ளே வைத்திருக்கிறது. பேச்சு வழக்கில் இந்நுட்பம் மறைந்துவிட்டது எனினும் முற்றும் அழியவில்லை. மாணவன் ‘பாடம் ஒப்பிக்கிறான்’ என்னும்போது, ஆசிரியர் கேட்டு ஏற்கும்படி ஒப்புவிக்கிறான் என்பதே பொருள். செபங்களை இயந்திரம்போல் ‘ஒப்பிப்பதை’ மறையுரையாளர் கடிவதுண்டு. கேட்டு ஏற்பவரை மறந்துவிட்ட ஒப்பித்தலே அங்குக் குறை.

இதே வேரிலிருந்து ஒப்பம், ஒப்பந்தம் ஆகியனவும் பிறந்தன. மலையாளத்தில் ‘ஒப்பு’ என்றாலே கையொப்பந்தான். எனவே ‘ஒப்புக்கொடு’ என்னும் தமிழ் வினை, இருமொழிச் செவிக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பதன் சாயலோடு ஒலிக்கக் கூடியது. கங்காணிக் கணக்கில் பெயர் எழுதப்பட்டு மலைக்கு வந்தோரின் வழியினரிடம் இச்சாயல் வெறும் ஓசை ஒற்றுமையாக நின்றுவிடாது.

‘ஒப்புக்கொடு’ என்பதன் பின்னுறுப்பும் நோக்கத்தக்கது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றனையும் தொல்காப்பியர் எச்சவியலில் வேறுபடுத்துகிறார். இழிந்தோன் இரக்கும்போது ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பர் என்பது அவர் விதி. அதாவது ‘கொடு’ என்பது உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்கும் சொல். உரோமர் 6ஆம் அதிகாரத்தில் பழைய திருப்புதல் இறைவனுக்கு ஒப்புக்கொடுக்குமாறு பணிக்கும்போது, அறிந்தோ அறியாமலோ இவ்விதிக்கு முற்றும் இயைய நடக்கிறது. கேட்பவர் உயர்ந்தவர், ஆயினும் பறிக்கவில்லை, கேட்கிறார். கேட்டலும் இசைதலும் ஒரே தொகைவினையில் அமைந்துவிட்டன. 1871ஆம் ஆண்டுக் குழுவினர் தொல்காப்பியத்தை எண்ணி இவ்வாறு செய்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. வழக்கிலிருந்த நல்ல சொல்லை எடுத்தாண்டனர். சொல் தன் வரலாற்றை உடன்கொண்டு வந்தது.

மலையாளத்தில் இதற்கு நிகரான வினை ‘ஏல்பிக்குக’. அது ‘ஏல்குக’ என்பதன் பிறவினை. தமிழ் ‘ஏல்’, ‘ஏற்றல்’ என்பவற்றோடு உறவுடையது. இரு மொழிகளும் வெவ்வேறு வேர்களிலிருந்து ஒரே வகையில் சொல்லாக்கியுள்ளமை வியப்பிற்குரியது. ‘உடன்படச் செய்’ என்றது தமிழ். ‘ஏற்கச் செய்’ என்றது மலையாளம். ஆயின் மலையாளத்தில் இப்பிறவினைப் பொருள் இன்னும் உயிரோடு உள்ளது. அதற்கு இலக்கணச் சான்றே உண்டு. 37ஆம் சங்கீதத்தின் 5ஆம் வசனத்தில் சத்தியவேதபுஸ்தகம் ‘பரமேல்பிக்குக’ என்னும் வினையை ஆளுகிறது. பரம் என்பது இங்குப் பாரம், சுமை. சுமையை ஏற்பவராகிய யெகோவா அங்கு நான்காம் வேற்றுமையில் இல்லை. ‘யஹோவயெ’ என இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறார். ஏற்கச் செய்யப்படுபவர் ஆதலின் அவர் செயப்படுபொருளாகிறார். தமிழில் இந்நுட்பம் தேய்ந்துவிட்டது. பழைய திருப்புதல் ‘கர்த்தருக்கு’ என்றும், 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘ஆண்டவரிடம்’ என்றும் உருபேற்றுகின்றன. 1981ஆம் ஆண்டு மலையாளப் பதிப்பும் ‘கர்த்தாவினு’ என நான்காம் வேற்றுமைக்கு மாறிவிட்டது. எபிரேய மூலத்தில் உள்ள வினைக்கோ ‘உருட்டு’ என்று பொருள். பளுவான ஒன்றைத் தன்மேலிருந்து மற்றவர்பால் உருட்டிவிடும் அப்படிமம் தமிழில் இல்லை. மலையாளத்தின் ‘பர’த்தில் சுமையாக எஞ்சியிருக்கிறது. இவ்வசனத்தைப் பொறுத்தவரை மலையாளமே மூலத்திற்கு அண்மையில் நிற்கிறது எனத் துணிந்து கூறலாம்.

அவ்வாறாயின் தமிழில் ‘ஏற்பித்தல்’ என ஆளலாகாதோ எனின், ஆகாது. தமிழில் ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்றும் பொருளுண்டு. ஏற்பவன் கை தாழ்ந்த கை என்னும் எண்ணம் தமிழ் மரபில் ஆழ வேரூன்றியது. இறைவனை ஏற்கச் செய்தல் என்பது அவரை இரவலராக்கும் விபரீதத்தில் முடியும். உறவுமொழிகளுக்கிடையே சொல்லைப் பெயர்க்கும்போது வேர் ஒன்றாயிருப்பதே பொறியாகிவிடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கொள்பவரின் ஏற்பை முன்னிறுத்தும் இவ்வமைப்பு திராவிட மொழிகளுக்கே உரிய தனிப்பண்பன்று. இக்னேஷியஸ் லொயோலாவின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் அச்சாயிற்று. அதில் உள்ள தன்கையளிப்பு மன்றாட்டு ‘சுஷிபே’ என்னும் தன் இலத்தீன் முதற்சொல்லாலேயே அறியப்படுகிறது. அச்சொல்லின் பொருள் ‘ஏற்றுக்கொள்ளும்’ என்பது. நான் தருகிறேன் என்று அம்மன்றாட்டு தொடங்குவதில்லை. தமிழில் அதனைப் பெயர்ப்போர் தலைப்பிடும்போது ‘அர்ப்பணம்’ என எழுதி, முதல் வினையைப் பெறுபவரிடமிருந்து தருபவருக்கு மாற்றிவிடுவது வருந்தத்தக்கது.

தாழ்தலைச் சொல்லும் வினைகள்

பணிதல், கீழ்ப்படிதல் ஆகியன வேறு வகையின. இவற்றிற் கொடுத்தல் இல்லை, உடல் தாழ்தலே உண்டு. யாக்கோபு 4:7இல் உள்ள ‘ஹுபொதஸ்ஸோ’ என்னும் கிரேக்க வினை, வரிசையில் ஒருவருக்குக் கீழாக நிறுத்தப்படுதல் என்னும் பொருளது. படையணிச் சொல்லாகவும் வழங்கியது. அதற்குப் பழைய திருப்புதல் கீழ்ப்படிதலையும், 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பணிதலையும், சத்தியவேதபுஸ்தகம் ‘கீழடங்ஙுக’ என்பதையும் தந்துள்ளன. மூன்றும் பொருத்தமானவையே. சிக்கல் பிறப்பது, ஆங்கிலச் ‘சரண்ட’ரின் வழியாக இவ்வினைகள் ஒப்புவித்தலின் இடத்திற்கும் பரவும்போதுதான்.

சரணடைதலின் நிலை இன்னும் சிக்கலானது. வைணவத்தில் அதற்கு நிறைந்த பொருளுண்டு. வேதாந்த தேசிகர் (1268-1369) பரந்யாசம், பரசமர்ப்பணம் என விரித்துரைத்த சரணாகதியில், தன்னைக் காக்கும் பொறுப்பாகிய சுமையை இறைவன்மேல் வைத்துவிடுதலே உயிரானது. மலையாள விவிலியத்தின் ‘பரமேல்பிக்குக’ என்னும் சொல்லிலும் அதே ‘பரம்’ இருப்பது கருதத்தக்கது. வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு (1827-1900) இம்மரபு அந்நியமன்று. பனியனைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அவர் கையில் சரண் என்பது அடைக்கலமாகவே ஒலித்திருக்கும். இன்றைய செவி வேறு. குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் ‘சரண்’ என நாள்தோறும் செய்தித்தாளிற் படிப்பவர்க்குச் சரணடைதல் தோற்றவரின் செயல். மலையாளச் செய்தித்தாளில் ‘கீழடங்ஙல்’ இதே தொழிலைச் செய்கிறது. இரு மொழிகளிலும் காவல்துறைச் செய்தி ஓர் ஆன்மிகச் சொல்லைக் கைப்பற்றிக்கொண்டது எனலாம்.

பிரெஞ்சு மரபு தரும் இடர்ப்பாடு ஒன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சார்லஸ் தெ ஃபூக்கோ (1858-1916) பெயரால் வழங்கும் மன்றாட்டின் ‘அபாந்தோன்’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் தமிழ் ‘கைவிடுதல்’. ஆனால் மாற்கு 15:34இல் சிலுவையிலிருந்து எழும் ஓலத்தின் தமிழ் வினை அதுவே. ஒரே வினை இறைவன் மனிதனைக் கைவிட்டதையும் மனிதன் இறைவன்பால் தன்னை விட்டதையும் சுட்ட முடியாது. இங்குக் ‘கையளித்தல்’ என்பதே தக்கது. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்வது அதில் தெரிகிறது.

‘தம்மை’யும் ‘காரிய’மும்

இவ்வேறுபாடுகள் அகராதி அளவில் நிற்பவை அல்ல என்பதற்கு 1 பேதுரு 2:23 தலையாய சான்று. அப்பகுதி (2:18-25) வீட்டு வேலைக்காரராகிய அடிமைகளை நோக்கியது. முரட்டுத்தனமான தலைவர் கையில் அநியாயமாகத் துன்புறுவோர்க்குக் கிறிஸ்து முன்மாதிரியாக வைக்கப்படுகிறார். வையப்பட்டபோது அவர் பதிலுக்கு வையவில்லை. நியாயமாகத் தீர்ப்பிடுபவரிடம் ஒப்புவித்தார். ஒப்புவித்தது எதனை? கிரேக்கத்தில் செயப்படுபொருள் இல்லை. ‘பரதிதோமி’ என்னும் வினை மட்டுமே தனித்து நிற்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் அவ்வெற்றிடத்தை நிரப்பாமல் தொடரை முடிப்பது அரிது.

பழைய திருப்புதல் ‘தம்மை’ என நிரப்பிற்று. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் அவ்வழியே ‘தம்மையே’ என்றது. சத்தியவேதபுஸ்தகமோ ‘காரியம்’ என நிரப்பிற்று. தமிழ் கேட்பவர் கிறிஸ்து தம்மைக் கொடுத்தார் என உணர்வார்; மலையாளம் கேட்பவர் அவர் தம் வழக்கைக் கொடுத்தார் என உணர்வார். முன்னது பக்தியின் மொழி. பின்னது நியாயமன்றத்தின் மொழி. தீர்ப்பிடுபவரைப் பற்றிய தொடர் ஆதலின் மலையாள நிரப்பு சூழலுக்குப் பெரிதும் பொருந்துகிறது. தமிழ் நிரப்பு பிழையன்று. ஆயினும் அதனை மட்டும் கேட்பவர், அநியாயம் செய்த தலைவரிடமிருந்து வழக்கு எடுக்கப்பட்டு மேலான மன்றத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பதைத் தவறவிடக்கூடும். துன்பத்தைப் பேசாமல் ஏற்றலே தன்கையளிப்பு எனப் பொருள்கொள்ள அது இடமளிக்கிறது. இனி, ‘ஒப்புவித்தார்’ என்பதன் இடத்தில் ‘பணிந்தார்’ என்றோ ‘சரணடைந்தார்’ என்றோ மறையுரையில் மாற்றப்படின், பணியப்பட்டவர் தீர்ப்பிடுபவரா தலைவரா என்பதே மயங்கிவிடும்.

தேவிகுளம் மலைகளில் இம்மயக்கம் எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. 2015 செப்டம்பரில் மூணாறில் 20 விழுக்காடு போனஸ் கோரித் தமிழ்ப் பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைமைகளையும் அவர்கள் எதிர்த்து நின்றனர். ‘பெம்பிளை ஒருமை’ என அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரே எல்லைப்புற மொழியின் விளைவு. தமிழிலக்கணம் கற்றவர்க்கு ‘ஒருமை’ என்றவுடன் பன்மையின் எதிர்ச்சொல் நினைவுக்கு வரும். அங்கோ அது பலர் ஒன்றுபட்டமையைக் குறித்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இராஜமலைக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் மண்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளின்மேல் வீழ்ந்து 70 உயிர்களைக் கொண்டது. அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்டவர்கள். இவ்விரண்டும் சமய நிகழ்ச்சிகள் அல்ல. ஆனால் ‘இறைவனிடம் உன்னைக் கொடுத்துவிடு’ என்னும் அறிவுரை சென்று சேரும் செவிகள் இவற்றைக் கடந்து வந்தவை. அங்கே பணி என்னும் சொல் மேற்பார்வையாளர் முன்னும் ஒலிக்கும், பலிபீடத்தின் முன்னும் ஒலிக்கும். ஒப்புவி என்னும் சொல்லுக்கு அவ்விரட்டை வாழ்க்கை இல்லை. மேற்பார்வையாளரிடம் கொழுந்தை ஒப்படைக்கலாம். தன்னை ஒப்புவிக்கும்படி அவர் கேட்க முடியாது.

அடிமை

விவிலியப் பெயர்ப்பாளர் தயங்கிய ஒரு சொல்லை மக்கள் வழக்கு தயங்காமல் வைத்துக்கொண்டுள்ளது. உரோமர் 1:1இல் பவுல் தம்மைக் கிரேக்கத்தில் அடிமை என்கிறார். பழைய திருப்புதல் அதனை ‘ஊழியக்காரன்’ என்றும், 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘பணியாளன்’ என்றும் மென்மையாக்கின. (உரோமர் 6:16இல் பழைய திருப்புதல் ‘அடிமை’யையும் ‘ஒப்புக்கொடு’வையும் ஒருங்கே ஆண்டுள்ளது, அங்கு வாதமே அச்சொல்லின்மேல் நிற்பதால் தப்ப வழியில்லை.) கேரளக் கத்தோலிக்கரிடையே, குறிப்பாக வல்லார்பாடம் முதலிய திருத்தலங்களில், குழந்தைகளை அன்னைக்கு ‘அடிமை வைக்கும்’ சடங்கு இன்றும் உண்டு. வைணவத்திலும் அடிமை என்பது பெருமைக்குரிய சொல்லே.

ஆயினும் இந்நிலப்பகுதியில் அடிமை என்பது வெறும் உவமையாக இருந்ததில்லை. பாலக்காடு உள்ளிட்ட பிரித்தானிய மலபாரில் 1843ஆம் ஆண்டுச் சட்டமும், சித்தூரை உள்ளடக்கிய கொச்சியில் 1854ஆம் ஆண்டு ஆணையும், தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டு ஆணையும் அடிமை முறையை நீக்கின. மூன்று ஆட்சிகள், மூன்று ஆண்டுகள். வயலிலும் களத்திலும் அதன் பின்னும் நெடுங்காலம் மாறாதிருந்தவை பல. விலைக்குக் கொள்ளப்பட்டவரின் வழியினர் மகவை அடிமை வைக்கும்போது, வேறெந்த உடைமையாளரும் அக்குழந்தைமேல் உரிமை கொண்டாட முடியாது என்னும் பொருளும் அச்சடங்கிற்குக் கிடைத்துவிடுகிறது. ‘ஊழியக்காரன்’, ‘பணியாளன்’ ஆகியவற்றால் அப்பொருளைத் தாங்க இயலாது.

அண்மைக்காலச் சொல்லாட்சி

1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் ஒரு திறம் போதிய அளவு பாராட்டப்படவில்லை. சுவிசேஷங்களில் பாடுகளின் வரலாறு முழுவதையும் ‘பரதிதோமி’ என்னும் ஒரே வினை கோத்துச் செல்கிறது. யூதாஸ் தலைவர்களிடம், தலைவர்கள் பிலாத்துவிடம், பிலாத்து சிலுவைக்கு எனக் கை மாறிக் கை மாறி ஒப்புக்கொடுக்கப்பட்ட ஒருவர், யோவான் 19:30இல் தாமே ஆவியை ஒப்புக்கொடுக்கிறார். யூதாஸுக்கு மட்டும் ‘காட்டிக்கொடு’ என வேறுபடுத்திவிட்டு, பிலாத்துவுக்கும் இயேசுவுக்கும் ‘ஒப்புக்கொடு’ என்பதையே பழைய திருப்புதல் நிறுத்திற்று. காட்டிக்கொடுத்தலிலும் ‘கொடு’ எஞ்சியிருப்பதால் கோவை முற்றும் அறவில்லை. லூக்கா 23:46இல் உள்ள வினை ‘பரதிதேமி’ என்னும் வேறொன்று; பாதுகாப்பிற்காக வைப்புப்பொருளாகக் கொடுத்தல் என்பது அதன் பொருள். (தமிழ் எழுத்தில் ஓர் உயிரே வேறுபாடு!) அங்குப் பழைய திருப்புதல் ‘ஒப்புவி’ என்றது. கொடுத்தலும் வைப்பாக விடுதலும் இவ்வாறு நுண்ணிதாகப் பிரிந்தன. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘ஒப்படை’ ஆயின. ஒப்படைத்தல் தெளிவான, இன்றைய சொல். உரியவரிடமே திரும்பச் சேர்த்தல் என்னும் குறிப்பும் அதில் உண்டு. அலுவலகத்தில் சாவியையும் கோப்பையும் ஒப்படைக்கும் வாடையும் உண்டு. 1981ஆம் ஆண்டு மலையாளப் பதிப்பு இவ்விரண்டிடத்தும் ‘சமர்ப்பிக்குக’ என ஒன்றாக்கி, உரோமர் 12:1இல் உடலைப் பலியாகப் படைத்தலுக்கும் அதனையே ஆண்டது. விண்ணப்பம் சமர்ப்பித்தல் இரு மொழிகளிலும் அன்றாட அலுவல் என்பதை அக்குழுவினர் பொருட்படுத்தவில்லை போலும்.

எல்லைப்புறப் பங்குகளில் இரு மொழியும் கலந்த வழிபாட்டு ஏடுகளை ஆயத்தம் செய்வோர், ‘சமர்ப்பணம்’ இரு மொழிக்கும் பொது என்பதனாலேயே அதன்பால் ஈர்க்கப்படுவது இயல்பு. வடசொல் ஒன்று இருபுறமும் விளங்கும்போது உழைப்பு மிச்சமாகிறது. ஆனால் இருபுறமும் விளங்குவது மேற்பரப்பு மட்டுமே. ஒப்புவித்தலுக்கு மலையாள இணை ஏல்பித்தல் என்பதே மொழியமைப்பு காட்டும் உண்மை. பணிதலுக்கு இணை கீழடங்குதல். படைத்தலுக்கு மட்டுமே சமர்ப்பித்தல் இணையாகத் தகும். இம்மூன்றையும் தனித்தனியே இணைகாட்டும் சொற்பட்டியல் ஒன்று இவ்வேடுகளைத் தொகுப்போர்க்கு உடனடித் தேவை.

பட்டியலோடு வசனத்தின் சூழலும் கருதப்பட வேண்டும். இயேசு சிலுவையில் எடுத்துரைத்த சொற்கள் 31ஆம் திருப்பாடலின் 5ஆம் வசனத்தவை. திருச்சபையின் இரவு மன்றாட்டில் அவ்வடி தனித்து எடுக்கப்பட்டு மறுமொழியாக வழங்குகிறது. உறங்கப்போகும் அமைதியான உள்ளத்தின் கூற்றாகவே அது கேட்கிறது. பாடலிலோ ஒப்புவித்தல் 5ஆம் வசனத்தில் நிகழ்ந்தபின், 9ஆம் வசனத்திலிருந்து முறையீடு தொடங்குகிறது. கண் துயரால் தேய்ந்ததும், அயலார் அருவருத்ததும், உடைந்த கலம்போல் ஆனதும், உயிரை வாங்கப் பகைவர் சூழ்ச்சி செய்ததுமாக 13ஆம் வசனம் வரை அது செல்கிறது. 17, 18ஆம் வசனங்களில் பொல்லாதோர் வாயடைய வேண்டும் என்றும் மன்றாடுகிறது. அடக்கத் திருவழிபாட்டு ஏட்டிற்காக 5ஆம் வசனத்தை மட்டும் பெயர்ப்பவர்க்குப் ‘பணிகிறேன்’ என்பதும் பொருந்துவதாகத் தோன்றலாம். பாடல் முழுவதையும் பெயர்ப்பவர்க்கு அது 9ஆம் வசனத்தைத் தாண்டாது.